ஆட்டம் இல்லாமலும் களைகட்டும் கல்யாண வரவேற்பு

பன்னீர் தெளிப்பதில் தொடங்கி, தாம்பூலப் பை கொடுப்பதில் முடிகிறது அந்த மாலை. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தை இசையாலும் பேச்சாலும் விளையாட்டாலும் பந்தியாலும் நிறைக்கத் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகள் கண்டுவைத்திருக்கும் வழிகள் பல.

மூன்று மணி நேரம், எண்ணூறு பேர்

தமிழ்நாட்டில் கல்யாண வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் நடக்கிறது. சில குடும்பங்கள் முகூர்த்த நாள் மாலையில் வைத்துக்கொள்கின்றன. ஆறு, ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரை, பத்துக்குள் முடியும். அதிகாலை முகூர்த்தத்துக்கு வர இயலாத அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார், தூரத்து உறவினர் எல்லோரும் வந்து போக வசதியாக இந்த மாலை அமைந்தது. மணமக்கள் மேடையில் நிற்க, வந்தவர்கள் வரிசையில் ஏறி வாழ்த்தி, மொய்க் கவரோ பரிசோ கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்புகிறார்கள்.

இதில் விருந்தினர் காத்திருக்கும் நேரம் பெரிது. எண்ணூறு பேர் வருகிறார்கள், நான்கு நான்கு பேராக மேடை ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் இருநூறு குழுக்கள். ஒரு குழுவுக்கு 45 விநாடி என்றாலும் மொத்தம் 150 நிமிடம் ஆகிவிடும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்கார முடியுமானால் நான்கு பந்தி போட வேண்டும். பந்திக்கு அரை மணி நேரம் என்றால் அதற்கே இரண்டு மணி நேரம். வந்தவர் ஒருவர் மேடையில் செலவிடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இலைமுன் உட்காருவது அரை மணி. மீதி நேரமெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அந்த மீதி நேரத்தை எப்படி நிறைப்பது என்பதுதான் வரவேற்பு நிகழ்ச்சிகளின் அடிப்படைக் கேள்வி.

வட இந்தியாவின் சங்கீத் வழக்கமும் டி.ஜே. ஆட்டமும் தமிழ்நாட்டு மண்டபங்களுக்கும் வந்துவிட்டன. ஆனாலும் ஆட்டத்தை விரும்பாத குடும்பங்கள் ஏராளம். மத நம்பிக்கை, அண்மையில் நேர்ந்த ஒரு துக்கம், முதியவர்கள் நிறைந்த கூட்டம், மணமக்களின் கூச்சம் எனக் காரணங்கள் வேறுபடும். மேடையை நோக்கி நாற்காலிகளை நெருக்கமாகப் போடும் மண்டபத்தில் ஆடுவதற்கு இடமும் குறைவு. முப்பது இளைஞர்கள் ஆடினால் மற்றவர்கள் பார்வையாளர்களாகவே இருக்க நேர்கிறது.

தமிழ்க் கல்யாணக் கூட்டம் இயல்பிலேயே அமர்ந்து கேட்கிற, பேசுகிற, உண்கிற கூட்டம். ஐந்தாறு ஆண்டுகளாகப் பார்க்காத சித்தப்பாவும், கல்யாணமாகி வெளியூர் போன அக்காவும், சிறுவயதுத் தோழியும் சந்திக்கும் இடம் அது. ஆகவே வரவேற்பில் நடப்பது எதுவானாலும் அந்தச் சந்திப்புக்குத் துணை நிற்க வேண்டும். இசை பேச்சை மூழ்கடிக்கக் கூடாது. விளையாட்டு யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது. பந்தி யாரையும் நிற்க வைக்கக் கூடாது. ஆட்டமில்லாத வரவேற்பின் இலக்கணம் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

வாசலில் தொடங்கும் உபசாரம்

‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வருபவரைக் குறித்து, பிறகு அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஒரு தனி அதிகாரமே உண்டு. வரிசையில் அது ஒன்பதாவது.

அந்த விருந்தோம்பலின் முதல் இடம் மண்டப வாசலில் இருக்கும் வரவேற்பு மேசை. அதன்மேல் ஒரு வெள்ளித் தட்டில் கற்கண்டு, கிண்ணத்தில் கரைத்த சந்தனம், குங்குமச் சிமிழ், பெண்களுக்குக் கிள்ளி வைத்த மல்லிகைச் சரம், நீண்ட கழுத்துடைய பன்னீர்ச் செம்பு. சிறுமி ஒருத்தி இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்க, நாலு துளி நெற்றியிலும் தோளிலும் விழுகிறது. வந்தவர் குனிந்து அவள் பெயரைக் கேட்கிறார். யார் மகள் என்று தெரிந்ததும், “அட, உங்க அப்பாவை இவ்வளவு உயரத்துல பார்த்தது” என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. செலவே இல்லாத இந்த ஏற்பாடு வந்தவரை அந்நியர் என்ற நிலையிலிருந்து உறவுக்குள் கொண்டுவருகிறது. பெண் வீட்டிலிருந்து ஒருவர், பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் என இருவர் வாசலில் நின்றால்தான் யார் வந்தாலும் முகம் பார்த்து ‘வாங்க’ என்று சொல்ல முடியும்.

மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இரு வீட்டுத் தாத்தா பாட்டிகளின் கல்யாணப் படங்களை மாட்டிவைப்பதும் நல்ல பயன் தருகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர் யார் எவர் என்று தேடுவதிலேயே பெரியவர்கள் கால் மணி நேரம் நின்றுவிடுகிறார்கள். படங்களுக்குக் கீழே ஊர், ஆண்டு, உறவுமுறை எழுதிவைத்தால் மறுவீட்டாருக்கும் குடும்பம் விளங்குகிறது.

மங்கல இசை

கல்யாணத்துக்கு உரிய இசை நாகஸ்வரமும் தவிலும். தாலி கட்டும் நேரத்தில் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி “கெட்டி மேளம்” என்று குரல் கொடுத்ததும் வாத்தியம் உச்சத்துக்குப் போகும். வேண்டாத சொல்லோ தும்மலோ காதில் விழாமல் இருப்பதற்காக என்பது வழக்கில் சொல்லும் காரணம். வரவேற்பு மாலையில் அதே மேளம் வேறு வேலை செய்கிறது. விருந்தினர் வரத் தொடங்கும் முதல் முக்கால் மணி நேரத்துக்கு அது வாசலின் இசை. கல்யாணி, மோகனம், காம்போதி போன்ற ராகங்கள் அந்த வேளைக்குப் பொருந்தும். சோகத்தோடு சேர்த்துப் பேசப்படும் முகாரியைக் கல்யாண வீட்டில் தவிர்ப்பது வழக்கம்.

நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. ஊதும் முனையிலுள்ள சீவாளி நாணலால் ஆனது. தஞ்சாவூர் மாவட்டத்தின் நரசிங்கம்பேட்டையில் தலைமுறைகளாக நாகஸ்வரம் செய்கிறார்கள். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலின் கட்டை பலா மரத்தில் குடையப்பட்டது. வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டும், இடக்கையில் கழி பிடித்தும் வாசிக்கிறார்கள்.

உயரம் குறைந்த திமிரி நாகஸ்வரம் உச்சமான சுருதி உடையது. திறந்த வெளியில் வெகுதூரம் கேட்கும். நீளமான பாரி நாகஸ்வரம் சுருதி தாழ்ந்தது, கேட்க இதமானது. பாரியைப் பரப்பிய பெருமை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) உண்டு. நான்கு சுவருக்குள் நடக்கும் வரவேற்புக்குப் பாரியே ஏற்றது. குளிர்சாதன வசதிக்காகக் கதவுகளை அடைத்திருக்கும் கூடத்தில் மேளத்தை மேடையருகே அமர்த்தி ஒலிபெருக்கியும் வைத்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் தவித்துப்போவார்கள். முகப்பில் அமர்த்தினால் ஒலிபெருக்கி வேண்டியதில்லை. உள்ளே வருபவர் மேளத்தைக் கடந்து வருவார், உள்ளே இருப்பவர் காதில் அது மெல்ல விழும்.

நாகஸ்வரக் கலைஞர்களைப் பெரும் நட்சத்திரங்களாகக் கல்யாண வீடுகள் கொண்டாடிய காலம் ஒன்று இருந்தது. காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசிக்கிறார் என்றால் அழைப்பில்லாதவர்களும் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அவர் வாசிப்பு ஊரெங்கும் ஒலித்தது. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். இன்றும் மங்கல இசையை வெறும் சடங்காக விடாமல், கலைஞர்களுக்கு ஒரு மணி நேரம் தடையின்றி வாசிக்க இடம் கொடுக்கும் வீடுகளில் கேட்பவர்கள் தானாகவே அருகில் வந்து அமர்கிறார்கள்.

கல்யாணக் கச்சேரி

சபாக்கள் பெருகுவதற்கு முன்பு கர்நாடக இசைக்குக் கோயில் திருவிழாவும் செல்வர் வீட்டுக் கல்யாணமும் பெரிய ஆதரவாக இருந்தன. செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சை மிராசுதார் வீடுகளிலும் மாலைக் கச்சேரி கல்யாணத்தின் அங்கமாக இருந்தது. சென்னையிலும் முன்னணி வித்வான்கள் வரவேற்பில் பாடினார்கள். அழைப்பிதழின் அடியில் கச்சேரி செய்பவர் பெயரை அச்சிடுவது குடும்பத்துக்குப் பெருமை.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்திய கச்சேரி முறை வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளைக் கடந்து, விரிவான ஒரு உருப்படிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் போய், பிறகு துக்கடாக்களில் இறங்கி மங்களத்தில் முடிகிறது. வரவேற்பில் இதைச் சுருக்கியே பாட வேண்டும். நடுநடுவே ஆட்கள் எழுந்து போவதும் வருவதும் இயல்பு. ஆதலால் நீண்ட ராகம் தானம் பல்லவி அங்கே எடுபடாது. பலரும் அறிந்த கீர்த்தனைகள், காவடிச் சிந்து, திருப்புகழ், பாரதி பாடல்கள் என ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் முடியும் உருப்படிகளே கூட்டத்தைப் பிடிக்கும்.

குரல் பாட்டைவிட வாத்தியக் கச்சேரி வரவேற்புக்கு இன்னும் இசைவானது. வீணை, புல்லாங்குழல், வயலின் ஆகியவற்றில் சொல் இல்லை. கேட்பவர் கேட்கலாம்; பேசுபவர் பேசலாம்; பாட்டை மதிக்காமல் பேசுகிறோமே என்ற உறுத்தலும் வராது. மேண்டலினில் யு. ஸ்ரீநிவாஸும் (1969–2014), சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தும் (1949–2019) மேற்கத்திய வாத்தியத்தில் கர்நாடக இசையை நிலைநிறுத்திய பிறகு, இந்த இரண்டும் கல்யாண மேடைகளில் பரவலாக இடம்பிடித்தன. சினிமாப் பாட்டையும் கீர்த்தனையையும் அடுத்தடுத்து வாசிக்க முடிவதால் மூன்று தலைமுறையினரும் கேட்கிறார்கள்.

கலைஞர்களுக்குக் காட்டும் மரியாதை கச்சேரியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மேடையின் ஓரத்தில் மணமக்கள் வரிசைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் வாசிப்பவர்களுக்கும் மனம் ஒட்டாது. தனியாக ஒரு சிறு மேடை, ஜமக்காளம், குடிநீர், வெந்நீர், முதல் பந்தியிலேயே சாப்பாடு, முடிந்ததும் மணமக்கள் கையால் பொன்னாடை. இவ்வளவு போதும்.

மெல்லிசையும் ஒலி அளவும்

மெல்லிசைக் குழு இன்று வரவேற்புகளில் மிகப் பரவலான நிகழ்ச்சி. இரண்டு ஆண் குரல், இரண்டு பெண் குரல், கீபோர்டு, கிட்டார், தபலா, டிரம்ஸ் இருந்தால் சினிமாப் பாடல்கள் மண்டபத்தை நிறைக்கின்றன. பாடல் தேர்வில்தான் வெற்றி இருக்கிறது. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா காலத்துப் பாட்டில் தொடங்கி, இளையராஜா பாடல்களுக்கு வந்து, புதிய பாடல்களில் முடித்தால், முதலில் வந்து முதலில் கிளம்பும் பெரியவர்களும் தாமதமாக வரும் இளைஞர்களும் தங்கள் பாட்டைக் கேட்டுவிடுவார்கள். குடும்பத்தில் பாடத் தெரிந்த ஓர் அத்தைக்கோ மாமாவுக்கோ இரண்டு பாட்டு ஒதுக்கினால், அன்று முழுக்க அதையே பேசுவார்கள்.

மெல்லிசையின் பெரிய குறை சத்தம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். இசை அதைத் தாண்டிப் போகப் போகப் பேசுபவர் குரலை உயர்த்துவார். பிறகு காதருகே குனிவார். கடைசியில் பேச்சையே நிறுத்திவிடுவார். செவிப் பாதுகாப்புக்கான அமெரிக்கப் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பச்சிளம் குழந்தைகளும், காதுக்கருவி பொருத்திய முதியவர்களும் இருக்கும் கூடத்துக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

தீர்வு எளிது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேடையின் இருபுறமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கியை வைத்துக் கடைசி வரிசை வரை எட்டச் செய்ய முயன்றால் முன்வரிசைக்குத் தாங்காது. அதற்குப் பதிலாகக் கூடத்தின் நீளத்துக்கு ஆறு, எட்டு சிறிய ஒலிபெருக்கிகளைக் குறைந்த அளவில் வைத்தால் எங்கும் சமமாகக் கேட்கும். கூடத்தின் நடுவே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் இயல்பான குரலில் பேசிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பேச முடிந்தால் அளவு சரி. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் ஒலிபெருக்கிகளை அணைத்துவிடுவது நல்லது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள் மட்டும் விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறை வகுக்கப்பட்டிருக்கிறது. மொட்டை மாடியிலோ திறந்த பந்தலிலோ வரவேற்பு வைப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

சொல்லால் நிறையும் மேடை

பேச்சைக் கலையாகக் கேட்டு மகிழும் பழக்கம் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுயமரியாதை இயக்கம் சடங்குகளை நீக்கியபோது அந்த இடத்தைச் சொற்பொழிவால் நிரப்பியது. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தம் இத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது. அந்தத் திருமணங்களில் மாலை மாற்றுவது சில நிமிடம். வாழ்த்துரைகள் சில மணி நேரம். பெண் கல்வி, சமத்துவம், குடும்பம் நடத்தும் முறை எல்லாம் கல்யாண மேடையிலேயே பேசப்பட்டன.

கட்சி, இயக்கம் சாராத வீடுகளில் இதற்கு இணையாக வாழ்த்து மடல் இருந்தது. மணமகனின் நண்பர்கள் சேர்ந்து வெண்பாவோ விருத்தமோ எழுதி, இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்து, கீழே எல்லோர் பெயரையும் போட்டு, மேடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். படித்து முடிந்ததும் கண்ணாடிச் சட்டமிட்ட பிரதி மணமக்களுக்கு, மற்றவை கூட்டத்துக்கு. பழைய வீட்டுச் சுவர்களில் இன்றும் அந்தச் சட்டங்கள் தொங்குகின்றன. ஃபிளெக்ஸ் பேனர்கள் வந்தபின் மங்கிப்போன இந்த வழக்கத்தை மீட்பது கடினமல்ல. மூன்று நிமிடத்தில் படித்து முடிகிற ஒரு மடல் மணமக்களைப் பற்றிச் சொல்லும் செய்தியை வேறெந்த நிகழ்ச்சியும் சொல்வதில்லை.

பட்டிமன்றம் அடுத்த வடிவம். குன்றக்குடி அடிகளார் மேடையில் வளர்த்து, சாலமன் பாப்பையா தொலைக்காட்சி வழியே வீடுதோறும் கொண்டுசேர்த்த இந்தக் கலை வரவேற்புக்கும் வருகிறது. நடுவர் ஒருவர், அணிக்கு இரண்டு பேர், மொத்தம் ஒரு மணி நேரம். இல்வாழ்க்கை சார்ந்த தலைப்பும், இரு வீட்டையும் மதிக்கும் நகைச்சுவையும் இருந்தால் கூட்டம் நகராது. மாமியாரையோ மருமகளையோ இழிவுபடுத்தும் பேச்சு அந்த மேடைக்கு ஆகாது. அதை முன்கூட்டியே பேச்சாளர்களிடம் சொல்லிவிடுவது விழா வீட்டாரின் பொறுப்பு.

தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டு உண்டு. மணிகள் கட்டிய நீண்ட வில், அதைத் தட்ட வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. முதன்மைப் புலவர் கதை சொல்ல, பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் ‘ஆமா’ போடுவார். கோயில் கொடைக்கு உரிய இந்தக் கலையைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், கொத்தமங்கலம் சுப்புவும், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் (1928–2022) முக்கியமானவர்கள். மணமக்களின் ஊரையும் குலத்தொழிலையும் பெரியவர்கள் பெயரையும் முன்பே கேட்டு வாங்கிக் கதையோடு இழைத்துப் பாடினால், அது அந்த வீட்டுக்கே உரிய பாட்டாகிவிடும்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய வாழ்த்துப் பாடல்களும் இருக்கின்றன. கொங்கு நாட்டில் மங்கல வாழ்த்து பாடப்படுகிறது. கம்பர் இயற்றியது என்பது அங்குள்ள மரபு. முஸ்லிம் வீடுகளில் பைத்தும், நாகூர் ஹனிபாவின் (1925–2015) பாடல்களும் ஒலிக்கின்றன. கிறிஸ்தவ வீடுகளில் பாடகர் குழுவின் கீர்த்தனைகளுக்கு இடம் உண்டு. இவற்றை அறிவிப்போடும் ஒரு வரி விளக்கத்தோடும் மேடையில் பாடச் செய்தால், வேறு சமூகத்திலிருந்து வந்த விருந்தினருக்கு அது புதிய அனுபவம்.

மணமக்கள் விளையாட்டு

விருந்தினரைச் சிரிக்க வைப்பதற்கு நலங்கு போல் இன்னொன்று இல்லை. பிராமணக் கல்யாணங்களில் முகூர்த்த நாள் பிற்பகலிலோ மாலையிலோ இது நடக்கும். ஜமக்காளத்தில் மணமக்கள் எதிரெதிரே உட்காருகிறார்கள். மட்டை உரித்த தேங்காய் ஒன்று இருவருக்கும் இடையே உருளத் தொடங்குகிறது. நாலைந்து முறை போய் வந்ததும் மணமகள் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். மணமகன் ஒரு கையால் இழுத்துப் பார்க்கிறான், வரவில்லை. அவன் தங்கை பின்னாலிருந்து “அண்ணா, விடாதே!” என்கிறாள், எதிர்ப்பக்கத்து அத்தைகள் மணமகளுக்குத் தெம்பு சொல்கிறார்கள். தேங்காய் கை மாறும்போது எழும் சிரிப்பில் இரு வீட்டுக்கும் இடையே அதுவரை இருந்த விறைப்பு கரைந்துபோகிறது. பிறகு ஒருவர் தலையைச் சுற்றி ஒருவர் அப்பளம் நொறுக்குவது, காலில் நலங்கு இடுவது, தலை வாரிக் கண்ணாடி காட்டுவது என்று தொடரும். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் பாடுகிறார்கள். பாட்டில் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்ய உரிமை உண்டு.

பிற சமூகங்களில் குடத்தில் மோதிரம் எடுக்கும் விளையாட்டு பரவலானது. குறுகிய வாயுள்ள குடத்தில் மஞ்சள் நீர் ஊற்றி, உள்ளே ஒரு மோதிரத்தைப் போட, மணமக்கள் ஒரே நேரத்தில் கையை விட்டுத் தேடுகிறார்கள். மூன்று முறை நடக்கும். இதன் உள்நோக்கம் நுட்பமானது. முந்தின நாள் வரை பேசியறியாத இருவர் கை படவும், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கவும் பெரியோர் உருவாக்கித் தந்த வாய்ப்பு அது.

இந்த விளையாட்டுகளை வரவேற்பு மேடைக்குக் கொண்டுவரும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கடைசி வரிசைக்கும் தெரியும்படி மேடையிலுள்ள திரையில் காட்ட வேண்டும். மணமக்களின் சம்மதத்தைக் கேட்காமல் எதையும் வைக்கக் கூடாது. முத்தம் கொடுக்கச் சொல்வது, கேள்வி கேட்டு மடக்குவது போன்றவை பெரியவர்கள் முன்னிலையில் அவர்களைக் கூனிக் குறுக வைக்கும். விருந்தினர் பங்கேற்க வேண்டுமானால், மணமக்களைப் பற்றி ஐந்து கேள்வி அச்சிட்ட சிறு அட்டையை ஒவ்வொரு வரிசைக்கும் கொடுத்து, விடை சொல்லும் வரிசைக்கு ஒரு பரிசு தரலாம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் விடை கிடைக்காது. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் அதற்காகவே பேசத் தொடங்குவார்கள்.

குழந்தைகளும் கைவேலைக் கடைகளும்

ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தைகள் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். கூடத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து, வண்ணப் பென்சிலும் தாளும் பலூனும் வைத்து, பொறுப்பான இருவரை உட்கார வைத்தால் பெற்றோர் நிம்மதியாகச் சாப்பிடலாம். அரை மணி நேர மாயாஜால நிகழ்ச்சியோ பேசும் பொம்மையோ இரவு எட்டு மணிக்குமுன் நடந்தால் நல்லது. அதன்பிறகு சிறுவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

மருதாணி இடுபவர், வளையல் கடை, பஞ்சு மிட்டாய், பன்னீர் சோடா, முகத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கேலிச்சித்திரம் வரைபவர் எனச் சிறு கடைகளை முகப்பில் அமைப்பது திருவிழாவின் சாயலைக் கொண்டுவருகிறது. வளையல் கடையில் பெண்கள் தங்கள் அளவைத் தேடி ஒருவர் கையை ஒருவர் பிடித்து மாட்டிவிடுவது தனி மகிழ்ச்சி. கேலிச்சித்திரம் வீட்டுக்கு எடுத்துப் போகும் நினைவுப் பொருள். கிளி ஜோசியத்தை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். கிளியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பந்தி என்னும் பெரிய நிகழ்ச்சி

எந்தக் கச்சேரியையும்விட விருந்தினர் நினைவில் நிற்பது சாப்பாடும் அதைப் பரிமாறிய விதமும். இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் வரும்படி போட்டு, உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல், கூட்டு என்று அததற்குரிய இடத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது ஒரு கலை. இடியாப்பமோ சப்பாத்தியோ கொண்ட மாலை விருந்திலும் இந்த ஒழுங்கு தொடர்கிறது.

பந்தியில் நேரும் பெரிய மனவருத்தம், உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பது. உட்கார்ந்தவர் அவசரமாக விழுங்குவார். நிற்பவர் கூசிக்கொண்டே நிற்பார். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. முகப்பில் பந்தி எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, இரண்டாம் பந்தி தயார் என்று மேடையிலிருந்து அறிவித்தால் யாரும் நிற்க வேண்டியதில்லை. காத்திருப்பவர் கச்சேரி கேட்பார். முதியவர், கைக்குழந்தை உள்ளவர், சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு எண் பார்க்காமல் முதல் பந்தியில் இடம் தர வேண்டும்.

பந்தி வரிசைகளுக்கு நடுவே பெண்ணின் அப்பாவோ பிள்ளையின் அம்மாவோ ஒருமுறை நடந்து வந்து, “பாயசம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று கேட்பதுதான் உபசாரத்தின் உச்சம். இரு வீட்டுப் பெற்றோரும் மூன்று மணி நேரமும் மேடையில் படத்துக்காக நின்றுகொண்டிருந்தால் இது நடக்காது. பெற்றோரில் ஒரு ஜோடி மேடையிலும் மற்றொரு ஜோடி கூடத்திலும் மாறி மாறி இருப்பது நல்ல ஏற்பாடு.

மாலையின் வரிசை

இத்தனை வழிகளையும் ஒரே மாலையில் திணிக்கக் கூடாது. ஓர் இசை, ஒரு சொல் நிகழ்ச்சி, ஒரு விளையாட்டு என மூன்று போதும். ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரை வாசலில் நாகஸ்வரம். மணமக்கள் மேடைக்கு வந்ததும் வரிசை தொடங்க, ஏழு முதல் எட்டரை வரை வாத்தியக் கச்சேரி அல்லது மெல்லிசை. குழந்தைகள் மூலை ஏழரைக்குச் சுறுசுறுப்பாக இருக்கட்டும். எட்டரைக்கு வரிசையைக் கால் மணி நேரம் நிறுத்தி, மணமக்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வாழ்த்து மடலும் இரண்டு வாழ்த்துரையும். இருப்பவர்கள் நெருக்கமான உறவினராகச் சுருங்கும் ஒன்பது மணிக்குத் தேங்காய் உருட்டலோ மோதிரம் எடுப்பதோ. ஒன்பதரைக்கு மங்களம்.

கடைசிப் பந்தி எழுந்ததும் வாசல் மேசையில் பன்னீர்ச் செம்பு இருந்த இடத்துக்குத் தாம்பூலப் பைகள் வந்துவிடுகின்றன. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய்; சில வீடுகளில் ஒரு மரக்கன்றோ புத்தகமோ. மாலையில் ‘வாங்க’ என்று அழைத்தவரே அங்கே நின்று, இரண்டு கையாலும் பையைக் கொடுத்து, “சாப்பிட்டீங்களா? பார்த்துப் போயிட்டு வாங்க” என்று வழியனுப்புகிறார். அத்துடன் வரவேற்பு நிறைவடைகிறது.